‘பாத்தீங்களா’ மேடமும் பல் டாக்டரும்

தன் மனைவிக்குக் கல்லூரியில் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது என்பது பல் டாக்டருக்குத் தெரியவந்தது, ஒருவனுடைய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கப்போகிற நேரத்தில். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தவன் சட்டக் கல்லூரி மாணவன். மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. அது வேலை செய்கிறவரை பேச்சுக் கொடுக்கலாமே என்று, "காலேஜ்ல எந்த வகுப்புப்பா கஷ்டம்?" என்று கேட்டு வைத்தார்.

"பாத்தீங்களா மேடம் வகுப்புதான் டாக்டர்" என்றான் அவன், பாதி மரத்த உதட்டோடு.

"அது யாரு அது?"

"சாட்சியச் சட்டம் எடுப்பாங்க. நாம எதைச் சொன்னாலும் 'நீங்க பாத்தீங்களா?'ன்னு கேப்பாங்க. நேத்து மழை பெஞ்சுதுன்னு சொன்னாக்கூட விடமாட்டாங்க."

டாக்டர் முகமூடிக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மேடம்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று இவனிடம் எப்படிச் சொல்வது? வீட்டிலும் இதே கதைதான். "பக்கத்து வீட்டுக்காரர் வேலையை விட்டுட்டாராம்" என்று டாக்டர் ஆரம்பித்தால், "யார் சொன்னது? சொன்னவங்களுக்கு யார் சொன்னது?" என்று வரும். ஊர்க்கதை பேசுகிற சுகம் அந்த வீட்டில் கல்யாணமான முதல் மாதத்தோடு போய்விட்டது.

மேடம் எடுத்த எடுப்பிலேயே வாத்தியார் ஆனவர் இல்லை. சட்டம் படித்துவிட்டுச் சில வருஷம் நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அலைந்தார். அங்கே அவருக்குக் குரல்தான் சங்கடம். மென்மையான குரல், மூன்றாவது வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் களைத்துவிடும். சட்டக் கல்லூரியில் ஆசிரியர் வேலை காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் விண்ணப்பம் போட்டார். கிடைத்தது. அந்த வேலையில் சேர்ந்தால் வழக்கு நடத்தக் கூடாது என்பது விதி. கோட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் வகுப்பில் பின்பெஞ்சுக்காரர்கள் தரையில் காலால் தாளம் போட்டு வரவேற்றார்கள். மேடம் கரும்பலகைப் பக்கம் திரும்புவார், தாளம் கேட்கும். இந்தப் பக்கம் திரும்புவார், எல்லாரும் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அவர் கோபப்படவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ஆனா யார் காலுன்னு நான் பாக்கலை. இப்ப நான் கடைசி பெஞ்சு மொத்தத்தையும் வெளியே அனுப்பலாமா?" என்று கேட்டார். ஒருவன் "அனுப்பலாம்" என்றான். இன்னொருவன் "அதெப்படி, நான் சும்மாதானே இருந்தேன்" என்று எழுந்தான். "அப்ப யார் செஞ்சது, சொல்லுங்க." "அது... நான் கீழே குனிஞ்சு பாக்கலையே மேடம்." அந்த ஒரு மணி நேரமும் அதிலேயே போயிற்று. சந்தேகம் என்றால் என்ன, சாட்சி என்றால் என்ன, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதெல்லாம் புத்தகத்தைத் திறக்காமலே நடந்து முடிந்தது. பட்டப்பெயரும் அன்றைக்கே விழுந்துவிட்டது.

சிறைச்சாலைக்குப் போகிற வழக்கம் அதற்கப்புறம் வந்தது. சட்டம் படிக்கிறவர்கள் சிறையின் உள்பக்கத்தைப் பார்க்காமல் எப்படிப் படிப்பது என்று முதல்வரிடம் நச்சரித்து அனுமதி வாங்கினார். வாராவாரம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், வக்கீல் வைக்க வழியில்லாத கைதிகளிடம் பேசச் சொல்வார். ஒருநாள் ஒரு மாணவி வந்து, "மேடம், ஒருத்தர் தனக்கு ஜாமீன் கிடைச்சு ரொம்ப நாளாச்சுங்கறார். ஆனா உள்ளேயே இருக்கார்" என்றாள். துருவிப் பார்த்ததில், அதே பெயரில் அதே சிறையில் இரண்டு பேர். வெளியே விடச் சொல்லி உத்தரவு வந்தபோது இவருக்குப் பதில் மற்றவரை அனுப்பிவிட்டார்கள். போனவரும் யோக்கியமாக மூச்சுவிடவில்லை. இவர் தினமும் வார்டரிடம் கேட்க, "உன் பேர்ல உத்தரவு வந்து ஆளையும் அனுப்பியாச்சு, போய்ப் படு" என்று பதில் வந்துகொண்டிருந்தது.

அந்த ஆள் வெளியே வந்த அன்று டாக்டர்தான் காரோட்டியாகப் போயிருந்தார். சிறை வாசலில் அந்த ஆள் மேடத்தைப் பார்த்து, "நான்தான் நான்னு நானே சொன்னா நம்ப மாட்டேங்கறாங்கம்மா" என்றார். வீட்டு வாசலில் கார் நின்றதும் மேடம், "இதை வாரத்துல ஒரு நாள் வேலையா வச்சுக்க முடியாதுங்க" என்றார். இது எங்கே போய் நிற்குமோ என்று டாக்டர் அப்போதே பயந்தார்.

பயந்தபடியேதான் ஆயிற்று. வீட்டின் முன்பாதி மருத்துவமனை, பின்பாதி குடித்தனம். உட்கார்ந்து காத்திருக்க ஒரே ஒரு அறை. அதில் ஒரு பக்கம் கன்னம் வீங்கியவர்கள், எதிர்ப்பக்கம் கண் வீங்கியவர்கள். அடிபட்டவர்கள், காணாமல்போனவரின் அம்மா, வீட்டை இடித்துவிட்டார்கள் என்று வந்தவர்கள். எல்லார் கதையையும் மேடம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பார். எந்தச் சட்டம், எந்த அலுவலகம், எந்தப் பழைய மாணவனான வக்கீல் என்று சொல்லி அனுப்புவார். நடுநடுவே கேள்வியும் உண்டு. "அதிகாரி அடிச்சார்னு சொல்றீங்க, நீங்க பாத்தீங்களா?" பக்கத்தில் பல்வலியோடு இருப்பவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். ஒரு பாட்டி, தன் முறை வந்து கூப்பிட்டபோது, "இருங்க டாக்டர், அந்தப் பொண்ணு கதையை முடிக்கட்டும்" என்றாள்.

டாக்டர் முணுமுணுப்பார், அவ்வளவுதான். "நான் ஒரு பல்லை எடுத்தா அதோட முடிஞ்சுது. நீ எடுக்கறது எதுவும் முடியறதே இல்ல" என்பார். கோபம் வந்தால் மட்டும் "புரொபசர்" என்று கூப்பிடுவார். அந்த வார்த்தை அடுக்களைக்கு வந்தாலே மகள், "அப்பா இன்னிக்குக் கொதிக்கிறார்" என்று தட்டை எடுத்துக்கொண்டு நழுவிவிடுவாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் தச்சர் வந்தார்.

ஒரு பங்களாவில் கதவு வேலை செய்தவர். அங்கே நகை காணாமல்போக, போலீஸ்காரர்கள் இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்து ஜாமீனில் விட்டார்கள். அவர் மனைவி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு மேடத்தைப் பார்க்க வந்தாள். தச்சருக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்தால் எச்சில் ஒழுகியது. "ஸ்டேஷன் குளியலறையில வழுக்கி விழுந்தார்னு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா" என்றாள் மனைவி.

மேடம் ஒரு நொடி பார்த்தார். "என்கிட்ட அப்புறம் பேசலாம். முதல்ல டாக்டரைப் பாருங்க."

அன்றைக்கு டாக்டர் மற்ற எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். இடது பக்கம் கீழ்வரிசையில் இரண்டு பல் முறிந்திருந்தன. கன்னத்தின் உட்புறம் பல் பதிந்து கிழிந்திருந்தது. எக்ஸ்ரேயில் தாடை எலும்பில் கீறல் விட்டிருந்தது. ஆனால் முன்பற்கள் அப்படியே இருந்தன. உதட்டில் காயமில்லை, மோவாயில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. டாக்டர் படம் எடுத்தார், அளந்து எழுதினார், வலி குறைந்த பிறகு வாய்க்குள் அச்சு எடுத்துச் சுண்ணாம்பு மாவில் ஒரு தாடையே வார்த்து வைத்தார். கை கழுவிவிட்டுப் பின்பக்கம் போனார்.

"விழுந்த வாய் இல்ல இது" என்றார் மேடத்திடம்.

"அதை என்கிட்ட சொல்லாதீங்க" என்றார் மேடம். "கோர்ட்டுல சொல்ல வேண்டியிருக்கும்."

தச்சரைக் காவலில் அடித்ததாகப் போட்ட வழக்கை எடுத்து நடத்தியது மேடத்தின் பழைய மாணவி. சிறையில் இரண்டு பெயர்க் கதையைக் கண்டுபிடித்தாளே, அவளேதான். வழக்குப் போட்ட கையோடு சங்கடங்களும் வந்தன. கல்லூரி முதல்வர் மேடத்தைக் கூப்பிட்டு, தேநீர் வரவழைத்துக் கொடுத்து, "நீங்க பாடம் நடத்தற அழகுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று குழைந்தார். அந்த வருஷம் துறைத்தலைவர் பதவி மேடத்துக்கு வந்திருக்க வேண்டியது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. மேடம் புது தலைவருக்கு முதல் ஆளாகக் கை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, துணி துவைக்கும் கல்லில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். டாக்டர் பக்கத்தில் போய் நின்றார். "கல்லு ஈரமா இருக்கு" என்றார். "தெரியும்" என்றார் மேடம்.

மருத்துவமனையிலும் நிம்மதி இல்லை. சாதாரண உடையில் ஓர் ஆள் தினமும் வந்து காத்திருப்பு அறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க ஆரம்பித்தார். பெயர் கொடுக்க மாட்டார், உள்ளே வர மாட்டார். யார் யார் மேடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தித்தாளுக்கு மேலாகப் பார்ப்பார். நோயாளிகள் குறைந்தார்கள். டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"புரொபசர், உன் வேலை என் வேலையைத் தின்னுடுச்சு" என்று ஒருநாள் வெடித்தார். "நான் என்ன தப்புப் பண்ணேன்? பல்லுதானே பாத்தேன்!"

மேடம் நிதானமாக, "வேண்டாம்னா சொல்லுங்க. எக்ஸ்ரேயை மட்டும் வேற டாக்டர்கிட்ட காட்டிக் கருத்துக் கேக்கலாம். உங்களை இழுக்கணும்னு எனக்கு ஆசையா?" என்றார்.

டாக்டர் விறுவிறுவென்று முன்னறைக்குப் போனார். செய்தித்தாள்காரரைத் தோளில் தட்டினார். "வாங்க, உள்ள வாங்க. இத்தனை நாளா வந்துட்டுப் போறீங்க, ஒரு தடவையாவது வாயைக் காட்டுங்க." அந்த ஆள் திகைத்துப்போய் எழுந்து வந்தார். நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்டுப் பார்த்தால், கடைவாயில் நிஜமாகவே ஒரு சொத்தை, நரம்புவரை போயிருந்தது. "வலிக்கலையா இது?" "வலிக்குதுங்க. டியூட்டியில எங்க பாக்கறது?" என்றார் அவர் பரிதாபமாக. அரை மணி நேரம் வேலை செய்து, மருந்து வைத்து அடைத்து அனுப்பினார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. வேறு ஓர் ஆள், தெருமுனைக் கடை வாசலிலேயே நின்றுகொண்டார்.

டாக்டர் பின்பக்கம் வந்து, "நானே வந்து சொல்றேன். நான் பாத்ததை வேற யார் சொல்றது?" என்றார். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியதா என்று டாக்டர் பார்க்கவில்லை. அதனால் சத்தியம் செய்ய மாட்டார்.

அன்றைக்கே மேடம் ஒரு சட்டம் போட்டார். "சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்த வழக்கைப் பத்தி நமக்குள்ள பேச்சே கிடையாது. 'பொண்டாட்டி சொல்லிக் குடுத்தா'ன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

"எப்படி நிக்கணும், எங்க பாக்கணும்னுகூடவா கேக்கக் கூடாது?"

"கூடாது."

"என்ன சட்டை போடறதுன்னு?"

மேடம் யோசித்தார். "இஸ்திரி போட்டது."

சிக்கல் என்னவென்றால், அந்த நாட்களில் எதைப் பேச ஆரம்பித்தாலும் வண்டி சுற்றிச் சுற்றி வழக்கிலேயே போய் நின்றது. கதவு கிரீச்சிடுகிறது என்றால் தச்சர் ஞாபகம் வரும். குளியலறை வழுக்குகிறது என்றால் கேட்கவே வேண்டாம். கடைசியில் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் வாயையே திறப்பதில்லை. பயந்துபோன மகள் அத்தைக்குப் போன் போட்டுவிட்டாள். டாக்டரின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"என்னடா, இந்த வயசுல உங்களுக்குள்ள என்ன?" என்று தம்பியைப் பிடித்தாள். "ஒண்ணுமில்லக்கா, பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கா." அது போதாதா? நேரே அடுக்களைக்குப் போனாள். "ஏம்மா, அவன் எதாவது தப்புப் பண்ணியிருந்தா என்கிட்ட சொல்லு."

"அவர் சாட்சி, அண்ணி."

"எதுக்குச் சாட்சி?"

"அதைத்தான் பேசக் கூடாது."

அக்காவுக்குத் தலை சுற்றியது. விஷயம் புரிந்த பிறகும் அவள் ஊருக்குத் திரும்பவில்லை. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பாடு பரிமாறினாள். இருவரிடமும் தன் மூட்டுவலியைப் பற்றியே பேசினாள். அந்த மூட்டுவலி அந்த மாதம் அந்த வீட்டைக் காப்பாற்றியது.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலும் மேடத்திடம் படித்தவர்தான். சொல்லப்போனால், முதல் நாள் தாளம் போட்டவர்களில் அவரும் உண்டு என்று ஒரு பேச்சு. டாக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு, சுண்ணாம்புத் தாடையை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு கூண்டில் ஏறினார். மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கணவர் பக்கம் திரும்பாமல், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்ததை டாக்டர் சொன்னார். செருப்புப் பெட்டியிலிருந்து தாடை வெளியே வந்தபோது நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"டாக்டர், வழுக்கி விழுந்தாலும் பல் உடையும் இல்லையா?"

"உடையும்."

"அப்ப இது விழுந்து உடைஞ்ச பல்லா இருக்கலாம்?"

"மூஞ்சி குப்புற விழுந்தா முன்பல் போகும், இல்ல உதடு கிழியும். மோவாய் தரையில இடிச்சா அங்க சிராய்ப்பு இருக்கும். இவருக்கு ரெண்டும் இல்ல. அடி பக்கவாட்டுல வந்திருக்கு."

"பக்கவாட்டுல குழாய் மேல விழுந்திருந்தா?"

டாக்டர் யோசித்தார். "விழுந்திருக்கலாம். ஆனா இரும்புல இடிச்சா வெளித்தோல் வெடிக்கும். இவருக்கு வெளியில வெடிப்பு இல்ல, அகலமா வீக்கம்தான். உள்ளே மட்டும் கிழிஞ்சிருக்கு."

"அப்ப போலீஸ்காரங்கதான் அடிச்சாங்கன்னு அடிச்சுச் சொல்றீங்க?"

"இல்லைங்க. நான் பல்லைப் பத்திதான் சொல்ல முடியும். யார் கைன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கலை."

கடைசி வரிசையில் மேடம் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

வக்கீல் கடைசி அம்பை எடுத்தார். "இதெல்லாம் உங்க மனைவி சொல்லிக் குடுத்ததுதானே?"

"அவங்க என்கிட்ட பேசியே ரொம்ப நாளாச்சுங்க" என்றார் டாக்டர். "எங்க அக்காவைக் கேட்டுப் பாருங்க. வெளியிலதான் உக்காந்திருக்கா, மூட்டுவலியால படியேற முடியலை."

நீதிபதி முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீலே சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

அன்று திரும்பி வரும்போது காரில் மேடம் பேசத் தொடங்கியவர், வீடு வரைக்கும் நிறுத்தவில்லை. அத்தனை நாள் சேர்த்து வைத்த பேச்சு. "'தெரியாது'ன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்காகவே நீங்க சொன்ன மத்ததை எல்லாம் நம்புவாங்க. என் பிள்ளைங்களுக்கு அதைச் சொல்லித் தர எனக்கு ஒரு வருஷம் ஆகும்" என்றார். பின்சீட்டில் அக்கா, "வீட்டுக்குப் போய்க் கொஞ்சுங்க, வண்டியைப் பாத்து ஓட்டு" என்றாள்.

தீர்ப்பு வர நாளாயிற்று. வழுக்கி விழுந்த கதையை நம்ப முடியாது என்றது நீதிமன்றம். காவலில் இருந்தபோது ஏற்பட்ட காயம் என்று ஏற்று, இரண்டு அதிகாரிகள் மீது வழக்குத் தொடரச் சொன்னது. அவர்களில் ஒருவர் தண்டனை பெற்றார். இன்னொருவர் மேல்முறையீட்டில் தப்பிவிட்டார். திருட்டு வழக்கு ஆதாரமில்லாமல் விழுந்துபோனது. டாக்டர் தச்சருக்குப் புதுப் பல் கட்டிக் கொடுத்தார். அதைக் கண்ணாடியில் பார்த்த தச்சர், "இழைப்பு நல்லா வந்திருக்கு டாக்டர்" என்றார். தன் தொழிலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை என்று டாக்டர் இன்றைக்கும் சொல்வார். துறைத்தலைவர் பதவி மேடத்துக்குக் கடைசிவரை வரவில்லை.

மேடம் ஓய்வு பெற்ற வருஷம் யாரும் நினைக்காத இடத்திலிருந்து அழைப்பு வந்தது. காவலர் பயிற்சிப் பள்ளியில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சாட்சியச் சட்டம் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். பள்ளியின் புதுத் தலைவி மேடத்தின் பேச்சை எங்கோ கேட்டிருந்தாராம். டாக்டருக்குப் பிடிக்கவில்லை. "அவங்க பண்ணதெல்லாம் மறந்துபோச்சா?" என்றார். "மறக்கலை. அதான் போறேன்" என்றார் மேடம்.

முதல் வகுப்புக்கு டாக்டரே கொண்டுபோய் விட்டார். மைதானத்து ஓரம் மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். திறந்த ஜன்னல் வழியாக மேடத்தின் மெல்லிய குரல் கேட்கவில்லை. நடுநடுவே பிள்ளைகள் சிரிப்பது மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது மேடம் முகம் யோசனையாக இருந்தது.

"என்ன ஆச்சு?"

"பின்வரிசையில ஒரு பொண்ணு. 'மேலதிகாரி அடிக்கச் சொன்னா என்ன பண்றது மேடம்?'னு எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுக் கேட்டா. சட்டம் என்ன சொல்லுதுன்னு சொன்னேன். 'அது தெரியும் மேடம், அந்த நிமிஷத்துல நான் என்ன பண்றது?'ங்கறா. எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. அடுத்த வாரம் சொல்றேன்னு வந்துட்டேன்."

அந்த வாரம் முழுக்க மேடம் புத்தகங்களுக்கு நடுவில் கிடந்தார். பழைய மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஓய்வுபெற்ற ஒரு காவல் அதிகாரியைத் தேடிப் போய்க் கேட்டார். டாக்டர் காப்பி கொண்டுபோய் வைப்பார், ஆறிய காப்பியை எடுத்து வருவார். அடுத்த வகுப்பில் மேடம் அந்தப் பெண்ணிடம், மறுப்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு, எப்படி மறுப்பது, உடனே யாரிடம் எழுத்தில் சொல்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "இதைச் செஞ்சா உனக்குக் கஷ்டம் வரும், அதையும் சொல்லிடறேன். அப்ப நீ தனியா இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதிப் போட்டார். அது மருத்துவமனையின் எண்ணும்கூட.

இப்போது போன் அடித்தால் டாக்டர்தான் எடுக்கிறார். சிலர் எடுத்ததும் தயங்குவார்கள். எங்கோ ஒரு காவல் நிலையத்துப் பின்பக்கத்திலிருந்து தாழ்ந்த குரலில் பேசுவார்கள். டாக்டர் அதற்குள் புரிந்துகொண்டு, "பல்லா, சட்டமா?" என்று கேட்பார். சட்டம் என்றால், "இருங்க, கூப்பிடறேன், வச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கையுறையோடேயே பின்பக்கம் பார்த்து மேடத்தைக் கூப்பிடுவார்.